முட்டைக்காரரின் சொத்து

என் வீடு என்னுடையது இல்லை என்று என்னிடம் சொன்ன பெண், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். சிரிக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். இதைப் பின்னால் அவளே சொன்னாள், சிரித்துக்கொண்டே.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் ஊர்ப் பத்திரப்பதிவு ஆபீஸ் முன்பு அரசாங்கத்தின் கையில் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. ஃபேன் சுற்றாது. சுற்றினால் அதன் அடியில் ஆள் இருக்கமாட்டான். மேசைக்கு மேசை கை நீட்டுவார்கள். ஆனால் அந்தக் கை நீட்டலில் ஒரு நாணயம் இருந்தது. வாங்கினவன் வேலையை முடித்துக் கொடுப்பான். வீடு உன்னுடையது என்றால் உன்னுடையது என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பத்திரத்தைக் கையில் கொடுத்துவிடுவான். நானும் அப்படித்தான் என் பத்திரத்தை வாங்கினேன். அதைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு லாரி ஓட்டப் போனேன். எங்கெங்கோ ஓட்டிவிட்டுத் திரும்பி வரும்போதெல்லாம் வீடு வைத்த இடத்திலேயே இருந்தது.

பிறகு ஒருநாள் மந்திரி வந்தார். ஆபீஸ் வாசலை அடைத்துப் பந்தல் போட்டார்கள். அவர் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அரசாங்கத்துக்கு நாட்டை ஆளவே நேரம் போதவில்லை. எந்த நிலம் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருப்பதா அரசாங்கத்தின் வேலை? அந்தப் பாரத்தை இனிமேல் தனியார் சுமப்பார்கள். இந்தக் கட்டடம், மேசை, நாற்காலி, உங்கள் ஆவணங்கள் எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். இதில் அரசாங்கத்துக்கு ஒரு காசு லாபமில்லை. லாபம் முழுவதும் அவர்களுக்கே. இதைவிட நேர்மையான ஆட்சியை நீங்கள் பார்த்ததுண்டா?"

முன்வரிசை கை தட்டியது. அதைப் பார்த்துப் பின்வரிசையும் தட்டியது. நானும் தட்டித் தொலைத்தேன்.

அடுத்து கம்பெனி மானேஜர் மைக்கைப் பிடித்தார். கழுத்தில் டை. அந்த வெயிலிலும் அவருக்கு வியர்க்கவில்லை. வியர்க்காத ஆளை நான் நம்புவதில்லை.

"உங்களை நாங்கள் பொதுமக்கள் என்று கூப்பிடமாட்டோம். நீங்கள் எங்கள் குடும்பம். பத்திரம் நனையும், எரியும், கரையான் அரிக்கும். போன் நம்பர் நனையுமா? எரியுமா? உங்கள் நம்பரைக் கொடுங்கள், உங்கள் நிலத்தை அதனோடு இணைத்துவிடுகிறோம். ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். முகம் வயதானால் மாறிவிடும். நம்பர் ஒன்றுதான் மாறாதது."

இதைச் சொல்லிவிட்டுத் தலைக்கு மேலே இருந்த பெரிய போர்டைக் காட்டினார். 'நிலம் உங்களுடையது, கவலை எங்களுடையது' என்று அதில் எழுதி, அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு போன் நம்பர் போட்டிருந்தது.

"எங்கள் உதவி எண். இரவும் பகலும் கூப்பிடலாம். நாங்கள் சொல்வதை முதலில் நாங்களே செய்வோம். இந்த மூன்று மாடிக் கட்டடத்தையே இந்த நம்பரோடுதான் இணைத்திருக்கிறோம். முதல் சொத்து எங்களுடையது!"

மறுபடியும் கைதட்டல். இந்தத் தடவை நான் தட்டவில்லை. ஆனால் வேன் தெருவுக்கு வந்து வீட்டுக்கு வீடு நம்பர் கேட்டபோது நானும் கொடுத்தேன். கொடுக்காதவர்களின் வீடு 'அனாதைச் சொத்து' ஆகிவிடும் என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே வந்தார்கள்.

அப்போது எனக்கென்று ஒரு போன் இருந்தது. மகள் வாங்கிக் கொடுத்தது. அதில் என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் எனக்குக் கடன் கொடுக்கவோ பல் கட்டிவிடவோ துடித்தவர்கள்தான். சலித்துப்போய்க் காசு போடாமல் விட்டேன். கொஞ்ச நாளில் அது ஊமையாகிவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று மேசை டிராயருக்குள் தள்ளினேன். அந்த டிராயருக்குள் என் வீட்டையே தள்ளி மூடுகிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விஷயம் இதுதான். எனக்கு வயிற்றில் கட்டி. அறுத்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். இந்த வயதில் கத்திக்கு அடியில் படுத்தால் எழுந்து வருவது நிச்சயமில்லை. எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் தூரத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். வரும்போதெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை இடிச்சுட்டு மனையா வித்தா நல்ல விலை போகும்" என்பான். மகள் புருஷனை உதறிவிட்டு ஒரு தையல் மெஷினோடு வந்தவள். முன் அறையில் மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். அவள் சோறு அந்த அறையில் இருக்கிறது. நான் போய்விட்டால் மகன் மெஷினைத் தெருவில் வைப்பான். அதனால் அறுக்கும் முன்பே வீட்டை அவளுக்கு மாற்றிவிட நினைத்துத்தான், தகரப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவள் போனையும் வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன்.

உள்ளே தரையெல்லாம் பிளாஸ்டிக் புல். நிலத்தின் உணர்வு வர வேண்டுமாம், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். குத்தியது. டோக்கனில் எண் கிடையாது. எண் போட்டால் மனிதர்களை எண்ணுகிற மாதிரி இருக்கிறதாம். அதனால் மண்ணின் பெயர் போட்டிருந்தார்கள். ஒருத்தர் செம்மண், ஒருத்தர் வண்டல். எனக்கு வந்தது களிமண்.

"களிமண் யாரு? களிமண், கவுன்ட்டருக்கு வாங்க!" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். நான் அசையாமல் இருந்தேன். பின்னால் இருந்தவர் தோளைத் தட்டி, "பெரியவரே, உங்களைத்தான்" என்றார். என் சீட்டை அவர் பார்க்கவே இல்லை.

கவுன்ட்டரில் அந்தச் சிரித்த பெண்.

"நம்பர் சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"அந்த நம்பருக்கு ஒரு ரகசிய கோடு நம்பர் அனுப்பியிருக்கேன். அதைச் சொல்லுங்க."

"அந்த போன் இப்ப இல்லைம்மா. காசு போடாம விட்டேன், செத்துப்போச்சு."

"சாகலை சார். மெசேஜ் போய்ச் சேர்ந்திருச்சே."

"யாருக்கு?"

"ஓனருக்கு."

"நான்தாம்மா ஓனர்."

"இல்லை சார். நீங்க விட்ட நம்பரை போன்காரங்க வேற யாருக்கோ குடுத்திருக்காங்க. நம்பர் யாருகிட்ட இருக்கோ அவங்கதான் ஓனர். நீங்க ஓனர் இல்லை. ஆனா உங்க வருகை எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

பத்திரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பாம்பைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"பேப்பரை எடுங்க சார், இது காகிதமில்லா அலுவலகம்."

"சரி, என் வீட்டை வெச்சிருக்கறவன் யாரு? அதையாவது சொல்லு."

"வாடிக்கையாளர் ரகசியம் சார். உங்க வீட்டைப் பத்தி சம்பந்தமில்லாத யாரோ வந்து கேட்டா நாங்க சொல்லலாமா?"

"என் வீட்டைப் பத்தி நான்தானே கேக்கறேன்!"

"அதான் சார். நீங்கதான் அந்தச் சம்பந்தமில்லாத யாரோ."

உதவி எண்ணைக் கூப்பிடச் சொன்னாள். வெளியே வந்து போர்டை அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. உள்ளே போய்ச் சொன்னேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். சிரிப்பை மட்டும் தாழ்த்தவில்லை.

"அது பழைய நம்பர் சார். ரொம்பப் பேரு கூப்பிட்டாங்க. அதனால விட்டுட்டாங்க."

"புது நம்பர் என்ன?"

"அதை வெளிய சொல்றதில்லை. சொன்னா கூப்பிடறாங்களே."

"அப்ப போர்டுல ஏன் இன்னும் பழசு?"

"போர்டு வேற கம்பெனி கான்ட்ராக்ட் சார். எங்களுக்கு அதுல அதிகாரமில்லை."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். காலர் தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள்.

"அப்பா, யாருன்னு அவங்க சொல்லாட்டி என்ன? உங்க நம்பர் உங்களுக்குத் தெரியுமே. கூப்பிட்டுக் கேட்டுட்டாப் போச்சு."

கூப்பிட்டாள். ஒரே மணியில் எடுத்தார்கள்.

"முட்டையா? எத்தனை அட்டை?"

"முட்டை இல்லைங்க. எங்க வீடு உங்ககிட்ட இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அம்மா, அது உங்களோடதா? அந்த வீட்டால என் உசிரு போகுதும்மா. எங்க இருக்குன்னு சொல்லுங்க, இப்பவே வரேன்."

மொபெட்டின் பின்னால் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு ஒரு மெலிந்த ஆள் வந்து இறங்கினார். வண்டியின் முன்பக்கம் 'முட்டை' என்றும் அதற்குக் கீழே என் நம்பரும் பெயின்ட்டில் எழுதியிருந்தது. பிரேக் பிடித்த விதத்தைக் கவனித்தேன். ஒரு முட்டை அசையவில்லை. நல்ல ஓட்டுக்காரர். ஆனால் நன்றாக வண்டி ஓட்டி வந்து கழுத்தை அறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சாவியை மடியில் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தார்.

"இதுதானா என் வீடு?" என்றார். "மேல ஓதம் இறங்கிச் சுவரு ஈரமா இருக்கே. கவனிக்கிறதில்லையா பெரியவரே?"

"வீட்டுக்காரர் நீங்கதானே. நீங்கதான் கவனிக்கணும்" என்றாள் என் மகள் உள்ளேயிருந்து.

அவர் படியில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார். புது சிம் வாங்கிப் போட்ட அன்றைக்கே, 'இரண்டு அறையும் எலுமிச்சை மரமும் கொண்ட தங்கள் சொத்துக்கு வாழ்த்துகள்' என்று மெசேஜ் வந்திருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர். பெண்டாட்டி உடனே பாத்திரத்தை மூட்டை கட்டியிருக்கிறாள். வீடு எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்குப் போய்க் கேட்டால் சொல்லவில்லை.

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"ஓனருக்குத் தெரிஞ்சிருக்கணுமாம். தெரியாதவன் கேட்டா சந்தேகமாம். அன்னிலேருந்து தினம் ஒரு மெசேஜ். உங்கள் வீட்டுக்கு இன்று பிறந்தநாள். உங்கள் மரம் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மெசேஜுக்கும் பேலன்ஸ்ல வெட்டறான். கடைக்காரங்களுக்கு போன் போடக்கூட காசு நிக்கலை. எனக்கு இந்த வீடு வேண்டாம் பெரியவரே. எடுத்துக்குங்க."

வேண்டாம் என்று ஒருவன் சொன்னால், எவ்வளவுக்கு வேண்டாம் என்றுதான் நான் யோசிப்பேன். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மூன்று பேரும் கம்பெனிக்குப் போனோம். முட்டைக்காரர் ஓனர் என்பதால் நேராக மானேஜர் அறைக்கே விட்டார்கள். எங்களை அவருடைய 'விருந்தினர்' என்று எழுதிக்கொண்டார்கள்.

விஷயத்தைக் கேட்ட மானேஜர் கண்ணை மூடித் திறந்தார்.

"முதல்ல உரிமை உணர்வைப் பரிசோதிக்கணும். சார், நீங்க சொல்லுங்க. இந்த வீட்டை நினைச்சா உங்க மனசுல என்ன வருது?"

"எரிச்சல்" என்றார் முட்டைக்காரர்.

மானேஜர் கம்ப்யூட்டரில் தட்டினார். "சொத்து மேல எரிச்சல். உண்மையான ஓனருக்குத்தான் இது வரும். பெரியவரே, உங்களுக்கு?"

"பயம். என் பொண்ணு தெருவுக்கு வந்துருவாளோன்னு பயம்."

"பாருங்க. பயம் வாடகைக்கு இருக்கறவங்களுக்கு வர்றது. ஓனருக்கு எதுக்குப் பயம்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "யோவ், நான் மண்ணு சுமந்து கட்டின வீடு. நீ வந்து என் முன்னால உக்காந்து..."

மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். மானேஜர் கோபப்படவில்லை. கோபத்துக்கும் அங்கே தனிக் கவுன்ட்டர் இருக்கிறதாம்.

"உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது. ஆனா நீங்க பழைய காலத்துலயே நிக்கறீங்க. அரசாங்கம் நடத்தறப்ப யாரு உண்மையான ஓனர்னு பாத்துட்டு இருந்தாங்க. அதனாலதான் எல்லாம் லேட். நாங்க அந்த ஒரு வேலையை எடுத்துட்டோம். இப்ப வேகத்தைப் பாருங்க! உங்க வீடு இவருக்கு மாற ஒரு நொடிகூட ஆகலை. நீங்க வரிசையில நின்னீங்களா? கையெழுத்துப் போட்டீங்களா? உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு சிரமமில்லாத சேவை."

"அப்ப அதே ஒரு நொடியில திருப்பிக் குடுங்க" என்றாள் மகள்.

"அது முடியாது மேடம். ஒரு நம்பர்லேருந்து இன்னொரு நம்பருக்கு மாத்தணும்னா ஓனர் ஒரு வருஷம் சொத்தை அனுபவிச்சிருக்கணும். பாதுகாப்பு. சொத்து தப்பான ஆள் கையில போயிடக்கூடாதில்லையா?"

"சார், எங்கப்பாவுக்கு அடுத்த வாரம் வயித்துல ஆபரேஷன்."

மானேஜர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். "நல்லபடியா முடிய கம்பெனி சார்பா வாழ்த்துகள். வாழ்த்து மடல் அனுப்பச் சொல்றேன், உங்க முகவரி..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அவருக்கே சங்கடமாகிவிட்டது. "மன்னிக்கணும். உங்களுக்குத்தான் முகவரி இல்லையே."

வெளியே வந்து போர்டின் நிழலில் நின்றோம். நான் அந்தக் கம்பெனியின் பரம்பரையையே வைதேன். முட்டைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றார். மகள் மட்டும் பேசாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் தைக்கும் முன்பு துணியை இப்படித்தான் பார்ப்பாள்.

"அப்பா, அந்த ஆளு பேசறது நமக்குப் புரியலைன்னு நீங்க தலையைப் பிச்சுக்கறீங்க. அதுல புரியறதுக்கு ஒண்ணுமே இல்லை. வீடு இவர் கையிலயா இருக்கு? இவர் போன்ல இருக்கற சிம்ல இருக்கு. ஒரு நம்பர்லேருந்து இன்னொண்ணுக்கு மாத்தினாத்தானே ஒரு வருஷம்? நம்பர் அப்படியே இருக்கட்டும். அந்த சிம் என்கிட்ட வந்துட்டா?"

முட்டைக்காரர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, அது முடியாதும்மா. வீட்டை எடுத்துக்குங்க, மரத்தை எடுத்துக்குங்க. நம்பரைக் கேக்காதீங்க. ஊர்ல இருக்கற டீக்கடை, பேக்கரி எல்லாத்துலயும் இந்த நம்பரைத்தான் சுவத்துல கிறுக்கி வெச்சிருக்காங்க. இது போச்சுன்னா என் பொழைப்பு போச்சு."

என் சந்தேகம் சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"போகாது" என்றாள் மகள். "வர்ற போனை நான் எடுக்கறேன். யாருக்கு எத்தனை அட்டைன்னு கேட்டு உங்களுக்குச் சொல்லிடறேன். மெஷின்ல உக்காந்திருக்கறப்ப என் வாய் சும்மாதானே இருக்கு. மெசேஜுக்கு வெட்டற காசும் என் பாடு."

முட்டைக்காரர், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். நாள் நகர்ந்தது. அவர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிவைத்தாயிற்று. மகள் வழக்கம்போல் தைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு சட்டையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் அப்படிச் செய்பவள் இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின காலையில் மொபெட் சத்தம் கேட்டது. முட்டைக்காரர் அட்டையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, அதில் சிம்மை மடித்து எடுத்து வந்திருந்தார்.

"வீட்டுல ஒரே சண்டை பெரியவரே. வீட்டை விடாதேன்னா. அப்புறம், அங்க ஒரு பொண்ணு தையல் மெஷின் போட்டிருக்குன்னு சொன்னேன். 'அந்த மெஷினைத் தூக்கிட்டு அவ எங்க போவா?'ன்னு கேட்டா. அவ்வளவுதான். இந்தாங்க."

அவரைச் சந்தேகப்பட்டதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சந்தேகம் நல்ல பழக்கம். அன்றைக்கு ஒருநாள் அதற்கு விடுமுறை கொடுத்தேன்.

நேரே கம்பெனிக்குப் போனோம். மகளுக்கு வண்டல் மண் டோக்கன். நம்பரைச் சொன்னாள், கோடு நம்பர் வந்தது, அதையும் சொன்னாள்.

"வாழ்த்துகள் மேடம்! நீங்கதான் ஓனர்" என்றாள் அந்தப் பெண்.

"என் பேரு வேண்டாமா?"

"பேரு எதுக்கு மேடம்?"

நான் பத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அதை ஒருவரும் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மகன் கட்டில் பக்கத்தில் நின்றான். பாசமாகத்தான் பேசினான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். இரண்டாவது சுளையிலேயே, "அப்பா, வீடு இப்ப யார் பேர்ல இருக்கு?" என்றான்.

"பேர்ல இல்லைடா. நம்பர்ல இருக்கு" என்று சொல்லி நம்பரைக் கொடுத்தேன். வராந்தாவுக்குப் போய்க் கூப்பிட்டான். வேலை நேரத்தில் என் மகள் யார் என்று பார்த்து எடுப்பதில்லை.

"எத்தனை அட்டை?" என்று அவள் போனில் அதட்டியது எனக்குக் கட்டிலிலேயே கேட்டது. மகன் போனை அணைத்துவிட்டு அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தோடு என் கதை முடிந்தது. ஆனால் முட்டைக்காரரின் கதை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

சிம்மைக் கொடுத்துவிட்டால் அவருக்கு வேறு சிம் வேண்டுமே. குடை விரித்து ரோட்டோரம் சிம் விற்பவனிடம் போய், இருப்பதில் மலிவானதைக் கேட்டிருக்கிறார். போட்ட நேரத்திலிருந்து போன் நிற்கவில்லை. என் வயலைக் காணோம் என்று ஒருத்தர். என் மாமியார் வீடு ஏதோ ஐஸ் கம்பெனிக்குப் போய்விட்டது என்று ஒரு பெண். யாரோ ஒரு கிழவர் ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டு வைத்துவிட்டார். முட்டைக்காரர் முதலில் தப்பு நம்பர் என்றார். யாரும் நம்பவில்லை. பிறகு கேட்க ஆரம்பித்தார்.

"யாருன்னு தெரியலை. பாவமா இருக்கு. உங்க பழைய நம்பருக்கே கூப்பிட்டுப் பாருங்க, அங்க ஒரு ஆளு இருப்பான், அவனும் நல்லவனாத்தான் இருப்பான்னு சொல்றேன். பாதிப் பேருக்கு வீடு கிடைச்சிருச்சாம். போன் போட்டுச் சொல்றாங்க" என்றார் என்னைப் பார்க்க வந்தபோது.

எனக்கு அப்போதே உறைத்தது. "தம்பி, உங்க புது நம்பரைச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். நான் அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு எண்ணாக மகளின் போனில் தட்டின நம்பர். கம்பெனி போர்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும் நம்பர். அந்த உதவி எண் பிறந்த நாளிலிருந்து அதை எடுத்துப் பேசின முதல் ஆள் முட்டைக்காரர்தான்.

"மெசேஜ் ஏதாவது வந்துச்சா?"

"தினம் வருது. நான் படிக்கறதில்லை, அதெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு." போனை நீட்டினார். மகள் வாங்கி உரக்கப் படித்தாள்.

"'மெயின் ரோட்டில் மூன்று மாடியும் புல்தரையும் கொண்ட தங்கள் சொத்து தங்களை நினைத்துக்கொண்டிருக்கிறது.'"

வயிற்றில் தையல் இன்னும் ஆறவில்லை, சிரிக்கக் கூடாது, பிரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஒரு தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு கிளம்பினேன். மகள் தடுத்துப் பார்த்தாள். பிறகு அவளே மெஷினை மூடிவைத்துவிட்டு வந்தாள்.

முட்டைக்காரர் வண்டியை வாசல் புல்லிலேயே ஏற்றி நிறுத்தினார். காவலாளி ஓடிவந்தான். "ஓனர்" என்றார் இவர். அவன் சல்யூட் அடித்தான். கவுன்ட்டரில் நம்பரைச் சொன்னார், கோடு நம்பர் வந்தது, அதையும் சொன்னார். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் உண்மையாகச் சிரித்தது அப்போதுதான்.

மானேஜர் படியிறங்கி ஓடி வந்தார். டை தோளில் கிடந்தது. முதல் தடவையாக அவருக்கு வியர்த்திருந்தது.

"இது மோசடி! இந்தக் கட்டடம் கம்பெனியோடது. மந்திரி கையால குடுத்தது. எங்ககிட்ட பேப்பர் இருக்கு!"

"பேப்பரை எடுங்க சார், இது காகிதமில்லா அலுவலகம்" என்றாள் கவுன்ட்டர் பெண். பழக்கம்.

"ஏம்மா, என்னை யாருன்னு தெரியாதா உனக்கு?"

"முகம் மாறும் சார்" என்றாள். "உங்க நம்பர் சொல்லுங்க."

சொன்னார். தட்டிப் பார்த்தாள்.

"சாரி சார், நீங்க ஓனர் இல்லை. ஆனா உங்க வருகை எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

மானேஜர் முட்டைக்காரரிடம் திரும்பினார். குரல் குழைந்தது. "சார், பேசித் தீர்த்துக்கலாம். எழுதிக் குடுத்துருங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

"எனக்கும் குடுத்துரணும்னுதான் இருக்கு" என்றார் முட்டைக்காரர், ரொம்ப வருத்தமாக. "ஆனா ஒரு வருஷம் அனுபவிக்கணுமாமே. பாதுகாப்பு."

"சிம்மைக் குடுங்க, போதும்!"

"அது முடியாது சார். நிறையப் பேரு கூப்பிடறாங்க. பாவம், யாராவது எடுக்கணுமில்லையா?"

மானேஜருக்கு மூச்சு வாங்கியது. சுற்றிலும் செம்மண்ணும் வண்டலும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தன. "நான் மேல புகார் குடுக்கறேன்!" என்று கத்தினார்.

"உதவி எண்ணைக் கூப்பிடுங்க சார்" என்றாள் பெண். "போர்டுல இருக்கு."

பதற்றத்தில் அந்த மனுஷனுக்கு ஒன்றும் ஓடவில்லை போலிருக்கிறது. வாசலுக்கு ஓடினார். அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, போனைக் காதில் வைத்தார்.

முட்டைக்காரரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவர் நிதானமாக எடுத்தார்.

"வணக்கம். உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம். கொஞ்சம் லைன்லயே இருங்க."

போனை அணைக்காமல் பையில் போட்டுக்கொண்டு, முட்டை அட்டைகளை இறக்க எந்த அறை குளிர்ச்சியாக இருக்கும் என்று பார்க்க மாடிக்குப் போனார். நான் தலையணையை இரண்டு கையாலும் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மகள், "அப்பா, தையல், தையல்" என்று என்னைத் திட்டிக்கொண்டே அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பி ரோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, மானேஜர் போர்டுக்கு அடியில் போனைக் காதில் வைத்தபடி லைனிலேயே இருந்தார்.